மூலப் பொறியும் பாவனைப் பொறியும்

பல்லாங்குழியும் தாயமும் ஆடி வளர்ந்த நம் நாட்டிற்கு, தொலைக்காட்சியில் ஆடும் வீடியோ விளையாட்டு நேற்று வந்த விருந்தாளியே. ஆயினும் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. நம் குடியிருப்பில் நாற்பதைக் கடந்தோர் பலர் அதன் சாட்சிகளாவர்.

1983 ஜூலைத் திங்களில் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ஃபாமிகாம் என்னும் விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அதன் வேலை நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. 1985இல் வந்து உலகப் புகழ் பெற்ற சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கிற்று. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதனினும் பன்மடங்கு பெரிது.

1990களில் அப்பெட்டி நம் நாட்டில் சமுராய் என்ற பெயரிலும், அதைப் பார்த்துச் செய்த நகல்கள் எண்ணற்ற பெயர்களிலும் விற்கப்பட்டன. நம்மில் பெரும்பாலோர் ஆடியது அந்நகல்களில்தான். அவற்றுள் பலவற்றில் சில்லு கரும்பிசினால் மூடப்பட்டிருக்கும்; பழுதானால் கழற்றி மாற்ற இயலாது. நிண்டெண்டோவும் 2007இல் ஃபாமிகாமைப் பழுதுபார்ப்பதை நிறுத்திவிட்டது.

பொறி மடிந்தால் ஆட்டமும் மடியுமோ? மடியாமற் காத்தது எமுலேட்டர் என்னும் மென்பொருள். பழைய சில்லு ஒவ்வோர் ஆணைக்கும் என்ன செய்ததோ, அதனையே இன்றைய கணினியும் செய்யுமாறு எழுதப்படும் நிரல் அது. ஹிஞ்சேவாடியில் நிரலெழுதி வாழும் நம் இளைஞர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இத்தகைய நிரல் ஆக்குவதற்காகப் பொறியின் உள்நிரலைப் படியெடுத்து ஆராய்வது நியாயமான பயன்பாடே என்று, சோனி தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. விளையாட்டையே விலைகொடாது பிரதியெடுப்பது வேறு. அது பதிப்புரிமைக்கு மாறானது. 2016இல் நிண்டெண்டோவே தன் பழைய பெட்டியின் ஆட்டங்கள் முப்பதனை எமுலேட்டர் வழியே ஒரு சிறு பெட்டியில் அடைத்து விற்றது.

அவ்வாறாயின் பரணில் உள்ள பழைய பெட்டியைப் பங்கார்வாலாவிடம் எடைக்குப் போட்டுவிடலாமா? கூடாது என்போம். டக் ஹண்ட் என்னும் வாத்து வேட்டையைக் கருதுக. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெண்மையாகும். துப்பாக்கியின் உள்ளிருக்கும் ஒளியுணர்வி அவ்வெண்மையைக் கண்டால் வாத்து வீழும். படக்குழாய்த் தொலைக்காட்சி உடனுக்குடன் வரையும் ஒளியை நம்பிச் செய்த கருவி அது. இன்றைய தட்டைத் திரையில் படம் சற்றே தாமதித்துத் தோன்றுவதால், அத்துப்பாக்கி குருடாகிவிடுகிறது. எமுலேட்டரில் சுட்டியைக் கொண்டு குறி பார்க்கலாம். திரைக்கு எதிரே துப்பாக்கி ஏந்தி நின்ற அவ்வாட்டம் வாராது.

ஆகவே, ஆட்டத்தைக் காக்கப் பாவனை போதும். ஆடிய முறையைக் காக்கப் பொறியே வேண்டும். நம் பெட்டி நகலாயினும் நமக்கு அதுவே மூலம். அதனை வைத்திருக்கும் அன்பர்கள் படக்குழாய்த் தொலைக்காட்சியையும் உடன் காத்து வைப்பார்களாக. அடுத்த ஆண்டு விழாவில் நம் குழந்தைகள் ஒருமுறையேனும் அதில் வாத்துச் சுடட்டும்.