துளையளவு என்னும் வேலி

பெங்களூரு சிவாஜிநகர் ஒரு படைமுகாமின் அருகே வளர்ந்த பகுதி. 1809இல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்ட் அமைத்தனர். கன்னடத்தில் அதன் பெயர் ‘தண்டு’. தண்டநாயகன் என்னும் சொல்லை அறிந்த தமிழர்க்கு அது அயலாகத் தோன்றாது. படைமுகாமை நாடி வந்த தமிழர் பலர், அந்நாளில் பிளாக்பள்ளி எனப்பட்ட இப்பகுதியில் குடியமர்ந்தனர். காலாட்படையின் பெயர் இன்ஃபன்ட்ரி சாலையில் இன்றும் நிலைத்திருக்கிறது. இங்குள்ள பழைய இரும்புக் கடைகளில் வண்டிகளின் உதிரிபாகங்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் படை கழித்த துப்பாக்கியை மட்டும், வழக்கமான உரிமம் பெற்றவரும் வாங்க இயலாது. இத்தடைக்கு நீண்ட வரலாறு உண்டு.

பிற நாடுகளில் நிலைமை வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள் பெருமளவில் பொதுச் சந்தைக்கு வந்தன. வங்காளத்து இச்சாப்பூரில் செய்யப்பட்டவையும் அமெரிக்கக் கடைகளை அடைந்தன. வாங்கியவர் முதலில் துடைத்தெடுப்பது, துருவைத் தடுக்கப் பூசிய கெட்டிக் கிரீஸை. அடுத்த பகை உப்பு. பழைய தோட்டாக்களின் எரியூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் குழலில் தங்கும் குளோரைடு உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது. ஆகவே குழலில் கொதிநீர் ஊற்றி, துணியால் ஈரம் போக்கி, அதன்பின்னரே எண்ணெய் இடுவர். அதற்குரிய கயிறும் எண்ணெய்ப் புட்டியும் துப்பாக்கிக் கட்டையின் அடிக்குழிக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தன.

இந்தியாவில் இக்கைப்பழக்கம் படைவீரர், காவலர் அளவில் நின்றுவிட்டது. அதன் வேர் 1857இல் இருக்கிறது. அவ்வாண்டு என்ஃபீல்டு தோட்டாவில் தடவிய கொழுப்பு கிளர்ச்சிக்கு ஒரு பொறியாயிற்று. அதன்பின் இந்தியச் சிப்பாய்க்கு, ஆங்கிலேய வீரனின் துப்பாக்கியைவிட ஒரு தலைமுறை பழையதே தரப்பட்டது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர்க்கு விலக்கு இருந்தது. படையின் தோட்டாவை ஏற்கும் துளையளவு வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் மறுக்கப்பட்டதால் .315 பரவியது. காவற்பணிக்கென .303 துப்பாக்கிகள் சிலவற்றை, ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டுமே இடத்தக்க .410 மஸ்கெட்டுகளாக மாற்றினர்.

விடுதலைக்குப் பின் 1959ஆம் ஆண்டுச் சட்டமும் 1962ஆம் ஆண்டு விதிகளும் வந்தன. அவ்விதிகளின் அட்டவணை .303, 7.62 மி.மீ. துப்பாக்கிகளையும், அவற்றின் படைத்தோட்டாவை ஏற்கும் பிறவற்றையும், .410 மஸ்கெட்டையும் தடைப் பட்டியலில் வைத்தது. இச்சாப்பூரின் .315 வேட்டைத் துப்பாக்கியோ லீ-என்ஃபீல்டு பொறியமைப்பைத் தழுவியதே; ஆற்றலிலும் எளியதன்று. அதற்கு உரிமம் கிடைக்கும்.

மொழி மாணவர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. மக்கள் வழக்கு துப்பாக்கியை ‘ஒற்றைக்குழல்’, ‘இரட்டைக்குழல்’, ‘நாட்டுத் துப்பாக்கி’ என உருவாலும் செய்முறையாலும் பகுக்கிறது. சட்டமோ அரசின் தோட்டா அதனுள் நுழையுமா என்று பார்த்துப் பகுக்கிறது. கிடங்கிலிருந்து தோட்டா கசிந்துவிடுமோ என்னும் அச்சம் அப்பகுப்பில் உறைந்திருக்கிறது. ஆயுதம் பெருகாத சமூகமே நன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் தன் சிப்பாயையே நம்பாத ஆட்சி வகுத்த பகுப்பைக் குடியரசு ஏறத்தாழ அப்படியே ஏற்றது ஏன் என்னும் வினா எஞ்சுகிறது. சட்டங்களின் முகவுரையைப் படிக்கும் நாம், அவற்றின் பின்னிணைப்பு அட்டவணைகளையும் வரலாற்று ஆவணங்களாக வாசிக்கப் பழக வேண்டும்.