வானலையில் தமிழுக்கு இடம்

வானொலிப் பெட்டியின் திருகைத் திருப்பியதும் பாட்டு வருகிறது. கேட்கிறோம், மகிழ்கிறோம், தலையசைக்கிறோம். அந்தப் பாட்டு எந்த மொழியில் அமைய வேண்டும், அதை எவர் பாட வேண்டும், எவர் பாடக்கூடாது என்று முடிவு செய்தவர் யார் என எண்ணிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

வானொலியின் வரலாற்றை எழுதுவோர் பொறிகளைப் பற்றி எழுதுவர். கம்பங்களின் உயரத்தை அளப்பர். திறப்பு விழாவிற்கு வந்த பெரியவர்களின் பெயர்களை வரிசைப்படுத்துவர். அந்தப் பொறியின் வாயிலிலே தமிழ்ப் பாட்டு இடம் கேட்டு நின்ற கதையை மட்டும் மறந்துவிடுவர். அந்தக் கதையில் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் பெரும் பங்கு உண்டு.

அசரீரியும் அறிவியலும்

வானத்திலிருந்து குரல் எழுந்தது என்று புராணம் பேசும். கம்சன் அதைக் கேட்டு நடுங்கினான் என்று கதை சொல்வார்கள். அந்த அசரீரி ஒரு நாளும் ஒரு பாட்டைப் பாடியதில்லை. புயல் வருகிறது, படகைக் கரையேற்று என்று ஒரு மீனவனுக்குச் சொன்னதில்லை. சொன்னது வானொலி! அதைத் தந்தவர் தேவரல்லர், முனிவரல்லர், மனிதர். மின்காந்த அலை உண்டென்று 1865இல் கணக்கின் வாயிலாகக் காட்டினார் மாக்ஸ்வெல். ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின், ஆய்வுக்கூடத்திலே அதை உண்டாக்கிக் காட்டினார் எர்ட்ஸ். 1895இல் கல்கத்தாவில், சுவருக்கு அப்பாலிருந்த மணியை அவ்வலையால் அடிக்கச் செய்தார் ஜகதீச சந்திர போஸ். 1901இல் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் செய்திக் குறியை அனுப்பினார் மார்க்கோனி. தவத்தால் வந்ததன்று இது, ஆராய்ச்சியால் வந்தது.

தமிழ்நாட்டில் இந்த அறிவியலுக்கு முதலில் வீடு கட்டியவர்கள் ஆட்சியாளரல்லர், ஆர்வலர்கள். 1924இல் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி, அவ்வாண்டு ஜூலைத் திங்கள் இறுதியில் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆர்வம் இருந்தது, பணம் இல்லை. 1927இல் கழகம் ஓய்ந்தது. அதன் கருவியைச் சென்னை மாநகராட்சி ஏற்று, 1930 ஏப்ரல் முதல் நாள் தொட்டு ஒலிபரப்பை நடத்தியது. கடற்கரையிலே ஒலிபெருக்கி, மாலைக் காற்றோடு இசை! பிறகு வந்தது அகில இந்திய வானொலி. சென்னை நிலையம் 1938 ஜூன் 16இலும், திருச்சி நிலையம் 1939 மே 16இலும் திறக்கப்பட்டன. 1947இல் விடுதலை பெற்ற இந்தியாவின் பங்குக்கு வந்த நிலையங்கள் ஆறே ஆறு. அவற்றுள் இரண்டு தமிழ் மண்ணில் இருந்தன.

இரண்டு நிலையங்கள் இருந்தன. அவற்றில் தமிழ் எவ்வளவு இருந்தது? செய்தியில் இருந்தது, பேச்சில் இருந்தது. இசைக் கச்சேரி என்று வந்தவுடன் தெலுங்கும் வடமொழியும் மேடை ஏறி அமர்ந்தன. தமிழ், கச்சேரி முடியும் நேரத்தில் சில்லறை உருப்படியாக, துக்கடாவாக, வந்து போயிற்று. சபையில் இருந்த வழக்கம் அப்படியே வானலையில் ஏறிற்று. சபைக்குச் சீட்டு வாங்கிச் சென்றவர் சிலர். வானொலியோ ஊருக்கெல்லாம் பேசுவது. சிலரின் சுவை பலரின் சட்டமாகிவிட்டது.

தில்லையில் எழுந்த கேள்வி

இந்த நிலையை எதிர்த்துக் கேள்வி எழுந்த இடம் அண்ணாமலைநகர். 1929இல் அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதே ஆண்டில் ராஜா அண்ணாமலை செட்டியார் இசைக் கல்லூரியையும் தொடங்கினார். 1940இல், தமிழிலே பாட்டு இயற்றுவோர்க்குப் பரிசளிக்க அவர் பதினாயிரம் ரூபாய் வழங்கினார். 1941 ஆகஸ்டில் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டே பெரும் பகுதியாக இருக்க வேண்டும்; வானொலியில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய பங்கு வேண்டும்: இவை அவ்வியக்கத்தின் கோரிக்கைகள்.

கேட்டது இவ்வளவே! அதற்கு எழுந்த கூச்சல் கொஞ்சமன்று. இசைக்கு மொழி ஏது என்றனர். மொழியை நுழைத்து இசையின் தரத்தைத் தாழ்த்தலாகாது என்று சென்னை மியூசிக் அகாதெமியின் புலவர்கள் தீர்மானம் செய்தனர். இசைக்கு மொழி இல்லையென்றால், தமிழ் வந்தால் மட்டும் தரம் தாழ்வானேன்? மொழியே வேண்டாமென்போர், தெலுங்கு மொழி மட்டும் வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பானேன்? தியாகராசரின் இசையைத் தமிழர் எவரும் குறைத்துப் பேசவில்லை. அவர் தம் தாய்மொழியிலே பாடினார்; ஆதலால் அவர் பாட்டில் உயிர் இருந்தது. அவர் செய்ததை நாமும் செய்வோம் என்று தமிழன் சொன்னால், அது குற்றமாவது எப்படி?

தமிழில் உருப்படிகள் இல்லை என்றும் சொன்னார்கள். எங்கே நின்றுகொண்டு சொன்னார்கள்? சிதம்பரத்துக்கு அருகிலுள்ள சீர்காழியிலே முத்துத்தாண்டவர் கீர்த்தனை பாடியிருக்கிறார். அதே சீர்காழியோடு இணைத்துப் பேசப்படும் அருணாசலக் கவிராயர் இராம நாடகத்தையே கீர்த்தனைகளாக்கியிருக்கிறார். சிதம்பரத்தை ஒட்டிய தில்லைவிடங்கனிலே மாரிமுத்தாப் பிள்ளை பாடியிருக்கிறார். முத்துத்தாண்டவர் தியாகராசருக்கு நூறாண்டுக்கு மேல் முந்தியவர். பாட்டு இருந்தது, ஆனால் மெட்டு பல இடங்களில் மறைந்துபோயிருந்தது. பாடுவாரின்றி மறைந்தது, மறைந்ததால் பாடுவாரில்லை. இந்த வட்டத்தை உடைக்கும் வேலையை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் செய்தது. பழைய பாடல்களுக்கு இசையமைக்கச் செய்து, சுரக்குறிப்போடு தொகுதி தொகுதியாக அச்சிட்டது. இனி எந்த வித்துவானும் பாட்டு இல்லை என்று வானொலி நிலையத்தாரிடம் கைவிரிக்க முடியாது! 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டது. அப்பல்கலைக்கழகத்தில் முன்னர்த் தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலானந்த அடிகள், பண்டைத் தமிழிசையை ஆராய்ந்த யாழ்நூலை 1947இல் வெளியிட்டார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மொழி மாறியது, பொருள் மாறவில்லை. தமிழிலே பாடினாலும் பாட்டின் பொருள் பெரும்பாலும் பக்தியாகவே இருந்தது. நந்தன் கதையைத் தமிழிலே பாடினார்கள். கேட்டவர் கண்ணீர் வடித்தனர். நந்தன் நின்ற அதே சிதம்பரத்தில், அவன் மரபிலே வந்த பிள்ளைகள் படிப்பதற்காக 1916இலேயே சுவாமி சகஜானந்தர் தனியே பாடுபட்டுப் பள்ளி தொடங்க வேண்டியிருந்தது. பாட்டிலே நந்தனுக்கு இடம், பள்ளியிலே இல்லை! தமிழிசை வெற்றி பெற்ற பின்னும், தில்லைக் கோயிலின் சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட 2008இல் அரசாணை வேண்டியதாயிற்று. கடவுளை நம்பாத நமக்கு அம்மேடை தேவையில்லை. ஆனால் ஒருவன் தன் மொழியில் பாடத் தடை என்றால், அத்தடை நமக்கும் போட்ட தடையே.

சிறைப்பட்ட கவிஞரும் விலைப்பட்ட பாட்டும்

கடலூருக்கு வருவோம். 1918 நவம்பரில், புதுவையை விட்டு வெளியே வந்த பாரதியாரைப் பிரிட்டிஷ் ஆட்சி கடலூருக்கு அருகே கைது செய்து, கடலூர்ச் சிறையில் சில வாரங்கள் அடைத்து வைத்தது. 1921இல் அவர் மறைந்தார். ஆள் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். அவர் பாட்டோ பின்னர் வேறொரு சிறையில் அகப்பட்டது. அவர் பாடல்களை இசைத்தட்டில் பதிக்கவும் ஒலிபரப்பவும் உள்ள உரிமை வணிகர் கைக்குப் போயிற்று. கை மாறி ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. நாட்டுக்காகப் பாடிய கவிஞரின் பாட்டை வானொலியில் பாடத் தனியார் ஒருவரின் இசைவு வேண்டும் என்ற நிலை! தமிழறிஞர்கள் குரலெழுப்பினர். 1949இல் உரிமை சென்னை அரசின் கைக்கு வந்தது. பின்னர் பாரதியின் எழுத்து மக்களின் பொதுவுடைமையாயிற்று. பாட்டைப் பூட்டி வைக்க மொழிப் பகை ஒன்றே வழியன்று. பணமும் பூட்டுப் போடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

தில்லி போட்ட பூட்டு

மூன்றாவது பூட்டு தில்லியிலிருந்து வந்தது. 1952இல் ஒலிபரப்புத் துறையின் அமைச்சரானார் பி. வி. கேஸ்கர். திரைப்பாட்டு தரங்கெட்டது என்பது அவர் கருத்து. அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு அருகிற்று. பின் அறவே நின்றது. அக்காலத் தமிழ்த் திரையிலே உடுமலை நாராயண கவியும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் உழைப்பவன் வாழ்வையும் மூடத்தனத்தின் கேட்டையும் எளிய தமிழிலே பாடி வந்தனர். சபையில் நுழையாத தமிழ் திரையிலே ஆண்டுகொண்டிருந்தது. அதற்கு வானொலியில் இடமில்லை!

மக்கள் என்ன செய்தார்கள்? தீர்மானம் போடவில்லை, திருகைத் திருப்பினார்கள். கொழும்பு கிடைத்தது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950இல் தொடங்கியிருந்தது. எஸ். பி. மயில்வாகனனின் குரலும், தமிழ்த் திரைப்பாட்டும் கடல் கடந்து வந்தன. மத்திய அலை உப்பு நீரின்மீது தரையைவிட நெடுந்தொலைவு செல்லும். இரவில் வான்மண்டலத்தின் மின்னடுக்கில் பட்டுத் திரும்பி இன்னும் தொலைவு எட்டும். கடலூர், பரங்கிப்பேட்டைக் கரைகளுக்குக் கொழும்பு அண்டை வீடாயிற்று. சட்டம் போடலாம், கடலின்மேல் செல்லும் அலையைத் தடுக்க எந்த அமைச்சரால் இயலும்? தில்லி இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி பிறந்தது.

திருச்சி நிலையத்தின் நன்மையையும் சொல்ல வேண்டும். 1960களில் அதன் உழவர் நிகழ்ச்சிகள் ஆடுதுறை 27 என்ற நெல்லைக் காவிரிப் படுகையெங்கும் பரப்பின. உழவர் அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டனர். மக்கள் மொழியில் பேசினால் வானொலி நெல்லையும் விளைவிக்கும்!

பெயரிலும் போர் நடந்தது. 1935இல் மைசூரில் எழுந்த ஒரு தனியார் நிலையத்தின் பெயர் 'ஆகாசவாணி'. அதையே 1950களில் தில்லி இந்தியா முழுமைக்கும் சூட்டியது. வானொலி என்ற அழகிய தமிழ்ச் சொல் இருக்க அசரீரியின் பெயர் எதற்கு என்று தமிழ்நாடு எதிர்த்தது. 2023 மே மாதத்தில், இனி எல்லா நிலையங்களும் அப்பெயரையே வழங்க வேண்டும் என மீண்டும் ஓர் ஆணை பிறந்தது. எதிர்ப்பும் மீண்டும் பிறந்தது. எழுபதாண்டு ஆனாலும் பாடம் கற்காதவர் உண்டு. மறக்காதவர்களும் இருக்க வேண்டும்.

அலை யாருடையது?

1995இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது: வானலை பொதுச் சொத்து, அரசின் தனியுடைமையன்று. அதன் பின்னரே சமூக வானொலிக்கு வழி பிறந்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் வளாக வானொலி ஒலித்தது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வுரிமை கிடைத்தது. சமூக வானொலியின் ஆற்றல் சிறிது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டினால் பெரிது. ஆனால் அந்தப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருப்போர் தம் மொழியில், தம் குரலில் பேசலாம், பாடலாம்.

அதன் மதிப்பைக் கடலூர் அறியும். 2004 ஆழிப்பேரலை, 2011 தானே புயல், 2015 பெருவெள்ளம் என அடுத்தடுத்து அடிபட்ட மாவட்டம் இது. 2015 டிசம்பரில், மின்சாரமும் தொலைபேசியும் தடுமாறிய வேளையில், கடலூர் மாவட்ட நிர்வாகம் 107.8 மெகாஹெர்ட்ஸில் பேரிடர்க்கால வானொலி ஒன்றைத் தொடங்கிற்று. தில்லியின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த ஊர் தன் குரலைத் தானே கேட்டது.

இளைஞர்களே! தமிழ்ப் பாட்டு வானலையில் தானாக ஏறிவிடவில்லை. ஒருவர் பொருள் கொடுத்தார். ஒருவர் மறைந்த மெட்டுக்கு உயிர் கொடுத்தார். பலர் மேடையிலே வாதாடினர். ஊர் பேர் தெரியாத கோடி மக்கள் திருகைத் திருப்பித் தம் தீர்ப்பை வழங்கினர். இன்று அலை கையெட்டும் தொலைவில் இருக்கிறது. உங்கள் ஊர்க் கல்லூரியில் வானொலி இல்லையெனில், ஏன் இல்லை என்று கேளுங்கள். இருந்தால், அதில் நடவுப் பாட்டு பாடும் கிழவிக்கும், கடற்கரையில் ஏலேலோ பாடும் மீனவருக்கும், பறை முழக்கும் தோழருக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களுக்கு இடம் இல்லாத வரையில், 1941இல் அண்ணாமலைநகரில் எழுந்த கேள்விக்கு முழு விடை கிடைத்ததாகாது.