ஒரே விலைக் கடைகள்: குவேக்கர் வணிக ஒழுக்கத்தின் வரலாறு

17ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் கடைச் சரக்குக்கு நிலையான விலை கிடையாது. கடைக்காரர் கூட்டிச் சொல்வார், வாங்க வந்தவர் அடிமாட்டு விலைக்குக் கேட்பார், நடுவில் எங்கோ ஓரிடத்தில் பேரம் படியும். எந்த விலைக்குக் கொடுக்கலாம் என்பதை ஒருவரும், எதுவரை கொடுக்கலாம் என்பதை மற்றவரும் கடைசிவரை மறைத்து வைப்பதில்தான் இருவருடைய சாமர்த்தியமும் இருந்தது. இதைப் பொய் என்று யாரும் நினைக்கவில்லை, வியாபாரம் என்றார்கள். 1650களில் தோன்றிய ஒரு சிறு கிறிஸ்தவக் குழு மட்டும் அதைப் பொய் என்றே சொன்னது. பத்துக்கு விற்கலாம் என்று மனதில் வைத்துக்கொண்டு பதினைந்து என்று வாயால் சொல்வது அவர்களைப் பொறுத்தவரை கடவுளின் காதுபடச் சொன்ன பொய். ஆகவே அவர்களுடைய கடைகளில் ஒரே விலை சொன்னார்கள். சொன்ன விலையிலிருந்து ஒரு காசும் இறங்கவில்லை.

அந்தக் குழு தன்னை நண்பர்கள் சங்கம் என்று அழைத்துக்கொண்டது. குவேக்கர் என்பது ஊரார் கேலியாக வைத்து நிலைத்துவிட்ட பெயர். தோற்றுவித்தவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691). லெஸ்டர்ஷயரில் ஒரு நெசவாளிக்குப் பிறந்து, செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழகியவர். 1652இல் வட இங்கிலாந்தில் அவருடைய பிரசங்கம் ஆயிரக்கணக்கானோரை ஈர்த்தது. அல்வர்ஸ்டன் அருகில் இருந்த ஸ்வார்த்மூர் மாளிகையின் தலைவி மார்கரெட் ஃபெல் இயக்கத்துக்கு இடமும் பணமும் நிர்வாகத் திறமையும் கொடுத்தார். பிற்காலத்தில் ஃபாக்ஸை மணந்தார். கடவுளின் ஒளி ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இருக்கிறது, இடையில் குருவானவர் தேவையில்லை என்பது அவர்களுடைய அடிப்படை நம்பிக்கை. அவர்களுக்குப் பாதிரியார் இல்லை, திருமுழுக்கு இல்லை, நற்கருணை இல்லை. ஞாயிறன்று ஒன்றாக உட்கார்ந்து மௌனமாகக் காத்திருப்பார்கள். யாருக்குப் பேச ஏவுதல் வருகிறதோ அவர் எழுந்து பேசுவார். சடங்கு இல்லாத இப்படியொரு மதத்தில் பக்தியைக் காட்ட அன்றாட வாழ்க்கையைத் தவிர வேறு இடமே இருக்கவில்லை. உடை, பேச்சு, கடை, கணக்குப் புத்தகம் எல்லாம் வழிபாட்டின் சுமையைத் தாங்க வேண்டியதாயிற்று.

ஒரே விலைக்குப் பின்னால் இருந்த அதே தர்க்கம்தான் சத்தியப் பிரமாணத்தை மறுப்பதற்கும் காரணம். ஆணையிட வேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று இருங்கள் என மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதை அவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் வேதத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தால், மற்ற நேரங்களில் பேசுவது அத்தனை உண்மையில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர்களுடைய வாதம். அரசுக்கு விசுவாசப் பிரமாணம் கேட்ட காலம் அது. மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். ஆங்கிலத் திருச்சபைக்குத் தசமபாகம் கட்ட மறுத்தபோது ஆடுமாடும் தட்டுமுட்டும் ஜப்தியாயின. இந்த இழப்புகளைப் பதிவு செய்து முறையிடுவதற்கென்றே லண்டனில் 1670களில் ஒரு நிரந்தரக் குழு அமைந்தது. 1696இல் ஒரு சட்டம் சிவில் வழக்குகளில் பிரமாணத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூறினால் போதும் என்றது. குற்ற வழக்குகளுக்கு அந்தச் சலுகை வந்து சேர 1828 ஆயிற்று. 1832 தேர்தலில் வென்ற குவேக்கர் ஜோசஃப் பீஸ் 1833இல் சத்தியம் செய்யாமலே நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார்.

பிரமாணம் செய்யாதவருக்கு அரசுப் பதவி இல்லை, ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் பட்டம் இல்லை, வழக்கறிஞர் தொழிலும் இல்லை. போரை ஏற்காததால் ராணுவத்தை அவர்களே ஒதுக்கினார்கள். மிஞ்சியவை வணிகம், கைத்தொழில், உற்பத்தி. குவேக்கர்கள் பெருமளவில் வியாபாரிகளானதற்கு அவர்களுடைய சிக்கனமும் உழைப்பும் காரணம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். மற்ற கதவுகள் சாத்தப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாகும்.

ஆரம்பத்தில் ஒரே விலை நஷ்டத்தையே கொடுத்தது. ஃபாக்ஸ் இறந்த பிறகு 1694இல் வெளியான அவருடைய நாட்குறிப்பில் இதைப் பற்றிய விவரம் இருக்கிறது. குவேக்கராக மாறிய கடைக்காரர்கள் தொப்பியைக் கழற்றி வணங்கவில்லை, பெரியவர் சின்னவர் என்று பாராமல் எல்லோரையும் ஒருமையில் அழைத்தார்கள், பேரமும் பேசவில்லை. வாடிக்கையாளர்கள் விலகிப் போனதால் சிலருக்குச் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் போயிற்று. பிறகு காற்று திசை மாறியது. குழந்தையை அனுப்பினாலும் பெரியவருக்குக் கொடுக்கும் விலைக்கே, அதே எடையில், அதே தரத்தில் சரக்கு வரும் என்பதை ஊர் கண்டுகொண்டது. குவேக்கர் கடை எது என்று விசாரித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். மற்ற வியாபாரிகள் பொறாமைப்படும் நிலையும் வந்தது.

ஃபாக்ஸின் தலைமுறை சிறைக்கும் ஜப்திக்கும் துணிந்த தலைமுறை; அதன் நேர்மைக்கு விளக்கம் தேவையில்லை. பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது எப்படித் தாக்குப்பிடித்தது என்பதுதான் கேள்வி. விடை அவர்களுடைய கூட்ட அமைப்பில் இருக்கிறது. ஒரு வட்டாரத்துக் குவேக்கர்கள் மாதம் ஒருமுறை நிர்வாகத்துக்காகக் கூடுவார்கள். அதற்கு மேல் காலாண்டுக் கூட்டம், எல்லாவற்றுக்கும் மேல் லண்டன் ஆண்டுக் கூட்டம். மேலிருந்து கேள்விகள் வரும், கீழிருந்து எழுத்தில் பதில் போகும். 1682இல் சில கேள்விகளோடு தொடங்கிய இந்த வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் உறுப்பினர்களின் அன்றாட வாழ்க்கை முழுவதையும் துருவும் பட்டியலாக வளர்ந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்களா, கடனைக் காலத்தில் அடைக்கிறார்களா, சக்திக்கு மீறிய தொழிலில் இறங்குகிறார்களா, ஏழை உறுப்பினர்களைக் கவனிக்கிறார்களா என்பவை அவற்றுள் சில.

ஒருவருடைய தொழில் தள்ளாடுகிறது என்று தெரிந்தால் கூட்டம் இரண்டு மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பும். அவர்கள் கணக்கைப் பார்த்து, செலவைக் குறைக்கவோ கடையை மூடிக் கடன்காரர்களைக் கூப்பிட்டுப் பேசவோ ஆலோசனை சொல்வார்கள். கேட்காமல் போய் மஞ்சள் கடுதாசி கொடுத்தால், விசாரணைக்குப் பிறகு சபைக்குப் புறம்பாக்கும் தீர்மானம் வரும். திவாலாவது அவர்களுக்கு வெறும் துரதிர்ஷ்டமல்ல. பிறருடைய பணத்தை வைத்துச் சூதாடிய குற்றம். சட்டம் கடனிலிருந்து விடுவித்தாலும், பிற்காலத்தில் கையில் காசு வந்தால் பழைய கடனை முழுதாக அடைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

இதில் முகதாட்சண்யம் பார்க்கவில்லை என்பதற்கு எலிசபெத் ஃப்ரையின் குடும்பமே சாட்சி. 1813இல் லண்டன் நியூகேட் சிறையில் பெண் கைதிகளையும் அவர்களுடைய குழந்தைகளையும் கண்டவர் அவர். 1817இல் அங்கே பள்ளியும் தையல் வேலையும் நடத்த ஒரு சங்கம் அமைத்தார். ஐரோப்பா முழுவதும் அவர் பெயர் பரவியிருந்த நேரத்தில், 1828இல், கணவர் ஜோசஃப் ஃப்ரையின் வங்கி திவாலானது. ஜோசஃப் சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். மனைவியின் புகழ் அவரைக் காப்பாற்றவில்லை. பெரிய வீட்டை விட்டு அந்தக் குடும்பம் சிறிய வீட்டுக்குப் போனது.

இப்படிக் கண்காணிக்கப்படும் ஆட்களிடம் பணத்தைக் கொடுத்து வைக்க மற்றவர்கள் தயங்கவில்லை. 1690இல் லண்டன் லம்பார்டு தெருவில் ஜான் ஃப்ரீமும் தாமஸ் கோல்டும் தொடங்கிய பொற்கொல்லர் வங்கிதான் பிற்காலப் பார்க்லேஸ். 1765இல் பர்மிங்காமில் சாம்ப்சன் லாயிடு கூட்டாளி ஒருவருடன் தொடங்கியது லாயிட்ஸ். 1709இல் கோல்புரூக்டேலில் கற்கரியைக் கொண்டு இரும்பு உருக்கிய ஆபிரகாம் டார்பியும், 1825இல் ஓடத் தொடங்கிய ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில்பாதைக்குப் பணம் திரட்டிய பீஸ் குடும்பமும் குவேக்கர்களே. தமிழ்நாட்டுக் கடைகளில் குவேக்கர் என்றதும் நினைவுக்கு வரும் ஓட்ஸ் டப்பாவுக்கும் இவர்களுக்கும் மட்டும் எந்தத் தொடர்பும் இல்லை. 1877இல் ஒரு அமெரிக்க ஆலை அந்தப் பெயரின் நாணயத்தைத் தன் சரக்குக்கு வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டது, அவ்வளவுதான்.

எடையிலும் விலையிலும் கறாராக இருந்தவர்கள் மனிதர்களையே விலை பேசியதை வெகுகாலம் கவனிக்கவில்லை. பென்சில்வேனியாவைத் தோற்றுவித்த வில்லியம் பென் அடிமைகளை வைத்திருந்தார். 1671இல் பார்படோஸுக்குப் போன ஃபாக்ஸ், அடிமைகளை நன்றாக நடத்துங்கள் என்றாரே தவிர விடுவியுங்கள் என்று கட்டளையிடவில்லை. 1688இல் ஜெர்மன்டவுனில் சிலர் எழுதிய எதிர்ப்பு மனு மேல் கூட்டங்களில் முடங்கியது. நிலைமையை மாற்றியவர்களில் முக்கியமானவர் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஜான் உல்மன் (1720–1772). கடை ஒன்றில் கணக்கெழுதிய இளம் வயதில், ஒரு பெண்ணை விற்பதற்கான கிரயப் பத்திரத்தை முதலாளி சொல்லி எழுதிக் கொடுத்தார். அது வாழ்நாள் முழுதும் அவரை உறுத்தியது. பிறகு சொந்தக் கடை வைத்தார். வியாபாரம் பெருகி மனதை இழுக்கிறது என்று அதைக் குறைத்துக்கொண்டு தையல் வேலையோடு நிறுத்திக்கொண்டார். அடிமைகளை வைத்திருந்த குவேக்கர் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்து பேசினார். யாரையும் ஏசவில்லை, விடவும் இல்லை. 1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் அடிமை வாங்குவோர், விற்போரைச் சபைப் பொறுப்புகளிலிருந்து விலக்கியது. 1776இல் அடிமைகளை வைத்திருப்பதே சபைக்குப் புறம்பாக்கும் குற்றமானது. லண்டன் ஆண்டுக் கூட்டம் 1783இல் நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தது. 1787இல் அடிமை வணிக ஒழிப்புக்காக லண்டனில் அமைந்த 12 பேர் குழுவில் 9 பேர் குவேக்கர்கள்.

நுணுக்கிப் பார்க்கத் தொடங்கினால் எங்கே நிற்பது என்ற சிக்கல் 1796இல் பர்மிங்காமில் எழுந்தது. துப்பாக்கி உற்பத்தியாளர் சாமுவேல் கால்டனை அவர் தொழிலுக்காகக் கூட்டம் விலக்கியது. தன் குடும்பம் பல பத்தாண்டுகளாக இதே தொழிலைச் செய்தபோது யாரும் கேட்கவில்லையே என்றார் கால்டன். போருக்கு வரி கட்டும் எவரும் கை சுத்தமானவர் இல்லை என்றும் வாதிட்டார். வாதத்தில் அவருக்குச் சொல்லப்பட்ட பதிலைவிட அவருடைய கேள்வியே வலுவானது. விலக்கப்பட்ட பிறகும் அவர் வழிபாட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கண்டிப்பே சபையைக் கரைத்துக்கொண்டிருந்தது. வேற்றுச் சபையாரை மணந்தவர்கள் விலக்கப்பட்டார்கள். பணம் சேர்த்தவர்களின் பிள்ளைகள் தாமாகவே ஆங்கிலத் திருச்சபைக்குப் போனார்கள். பிரிட்டனில் உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ 14,000 ஆகச் சுருங்கியது. 1859இல் வெளியான ஒரு கட்டுரைப் போட்டி நூலில் ஜான் ஸ்டீஃபன்சன் ரௌன்ட்ரீ இதை ஒளிவுமறைவின்றி எழுதினார். அதையொட்டித் திருமண விதி தளர்ந்தது. தனிப்பட்ட உடை, பேச்சு விதிகளும் கைவிடப்பட்டன. 1866 மே மாதத்தில் குவேக்கர் குடும்பத்தில் தோன்றிய ஓவரெண்ட் கர்னி நிறுவனம் சுமார் 1.1 கோடி பவுண்டு கடனோடு வீழ்ந்து லண்டன் நிதிச் சந்தையையே உலுக்கியது. மாதக் கூட்டத்தின் இரண்டு மூன்று பேர் வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்க்கக்கூடிய அளவை வணிகம் தாண்டிப் போயிருந்தது.

அதே 1866இல் பர்மிங்காமின் கேட்பரி சகோதரர்கள் மாவு கலக்காத கோகோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அந்நாளில் கோகோவில் உருளைக்கிழங்கு மாவும் வேறு பொருள்களும் சேர்ப்பது சாதாரணம். கேட்பரியே அதுவரை மாவு சேர்த்துத்தான் விற்றது. 1879இல் ஆலை போர்ன்வில்லுக்கு மாறியது. சுற்றிலும் தோட்டத்தோடு வீடுகள் எழுந்தன. மதுக்கடைக்கு மட்டும் இடமில்லை. யார்க் நகரில் ஜோசஃப் ரௌன்ட்ரீ 1906இல் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கினார். பிரிஸ்டலின் ஃப்ரை நிறுவனத்தையும் சேர்த்து, பிரிட்டனின் பெரிய சாக்லேட் ஆலைகள் மூன்றும் குவேக்கர்கள் கையில் இருந்தன.

1901இல் வில்லியம் கேட்பரியின் கைக்கு ஒரு விற்பனை விளம்பரம் வந்தது. போர்த்துகீசியரின் சாவோ தோமே தீவில் விற்பனைக்கு வந்த தோட்டமொன்றின் சொத்துப் பட்டியலில் தொழிலாளர்களும் விலையோடு இருந்தார்கள். கேட்பரியின் கோகோவில் ஏறத்தாழப் பாதி அந்தத் தீவிலிருந்துதான் வந்தது. நிறுவனம் விசாரித்தது, போர்த்துகீசிய அரசோடு பேசியது, ஆள் அனுப்பி அறிக்கை வாங்கியது. கொள்முதலை நிறுத்தியது 1909இல்தான். அதற்குள் ஸ்டாண்டர்ட் பத்திரிகை கேட்பரியின் போலித்தனத்தைச் சாடி எழுதிவிட்டது. கேட்பரி அவதூறு வழக்குத் தொடுத்தது. 1909 டிசம்பரில் பர்மிங்காமில் நடுவர்குழு கேட்பரிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி, நஷ்டஈடு வழங்கியது. கேட்பரியின் நாணயத்துக்கு நடுவர்கள் போட்ட மதிப்பு என்று பலர் அதைப் படித்தார்கள்.

கேட்பரியும் ஃப்ரையும் 1919இல் இணைந்தன. ரௌன்ட்ரீ 1988இல் நெஸ்லேக்கும், கேட்பரி 2010இல் கிராஃப்டுக்கும் கைமாறின. ஒரே விலைப் பழக்கம் அதற்கு வெகுகாலம் முன்பே எல்லாக் கடைகளுக்கும் பொதுவாகிவிட்டது. பிரிட்டனின் குவேக்கர்கள் இன்றும் கேள்விப் பட்டியலை வைத்திருக்கிறார்கள். 1994இல் திருத்திய வடிவத்தில் 42 பத்திகள் உள்ளன. சொல்லிலும் செயலிலும் நேர்மை பற்றிய கேள்வி அவற்றுள் ஒன்று. எழுத்தில் பதில் அனுப்பும் கட்டாயம் இப்போது இல்லை.