ஃபிராய்டின் மேசையில் ஒரு விஷ்ணு

1921இல் கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ், மன ஒடுக்கம் குறித்த தம் ஆங்கில நூலை வியன்னாவிலிருந்த சிக்மண்ட் ஃபிராய்டுக்கு அனுப்பினார். அவ்வாறு தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1937 வரை நீடித்தது. இருவரும் நேரில் சந்திக்கவேயில்லை. 1922இல் பார்சிபாகான் சந்திலிருந்த போஸின் இல்லத்தில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகம் பிறந்தது.

இதனைக் குரு சீடர் உறவாகச் சுருக்குவது வரலாற்றுப் பிழை. ஒவ்வொரு விழைவுக்கும் நேரெதிரான விழைவொன்று நனவிலி மனத்தில் உறைகிறது என்றார் போஸ். அடிக்க விழைபவனுக்குள் அடிபடும் விழைவும் மறைந்திருக்கிறது. ஒடுக்கப்பட்ட அப்பாதியே கனவாகவும் நோய்க்குறியாகவும் வெளிப்படுகிறது. ஆண்மையிழப்பு அச்சம் ஐரோப்பியரிடம் காணப்படும் அளவுக்குத் தம் இந்திய நோயாளிகளிடம் வலுவாக இல்லை என்றும், பெண்ணாகும் விழைவே ஆண்களிடம் எளிதில் புலப்படுகிறது என்றும் 1929இல் அவர் எழுதினார். ஈடிபஸ் கோட்பாட்டின் அடித்தளத்தையே தொடும் மறுப்பு இது.

அவ்வேறுபாடு கவனத்துக்குரியது என ஒப்பிய ஃபிராய்டு, எதிர்விழைவுக் கோட்பாட்டை ஏற்கவில்லை. 1931இல், அவருடைய எழுபத்தைந்தாம் பிறந்தநாளையொட்டிக் கல்கத்தாக் கழகம் தந்தத்தாலான விஷ்ணு சிலையொன்றை அனுப்பியது. சிலைக்கு அவர் மேசையில் இடம் கிடைத்தது. கோட்பாட்டுக்கு அவர் நூல்களில் இடம் கிடைக்கவில்லை.

போஸை 'ஃபிராய்டை இந்தியாவுக்குக் கொணர்ந்தவர்' என்று மட்டும் அறிமுகப்படுத்தும்போது, அவர் எழுப்பிய வினா மறைந்துபோகிறது: வியன்னாவில் கேட்ட கனவுகள் மானுடம் முழுமைக்குமான சான்று எனில், கல்கத்தாவில் கேட்ட கனவுகள் எதற்குச் சான்று?