பெனிசிலினும் இரு நோய்களும்

கொணோரியா எனப்படும் வெட்டை நோயும் சிபிலிசு எனப்படும் மேகப்புண்ணும் ஒரே நோயின் இரு தோற்றங்களென்றே ஐரோப்பிய மருத்துவர் பலர் நெடுங்காலம் கருதினர். 1767இல் ஜோன் ஹன்ரர் நிகழ்த்திய பரிசோதனையும் அத்தவற்றுக்கே வலுவூட்டிற்று; அவர் எடுத்த சீழில் இரு கிருமிகளும் கலந்திருந்தன போலும். 1838இல் பிரெஞ்சு மருத்துவர் றிக்கோர் அவை வெவ்வேறென நிறுவினார். வெட்டைக் கிருமியை 1879இல் நைசரும், மேகப்புண்ணின் கிருமியை 1905இல் ஷௌடினும் ஹொஃப்மனும் இனங்கண்டனர்.

கிருமி வேறாயின் மருந்தும் வேறாதல் இயல்பே. எர்லிக்கும் ஜப்பானியரான ஹாட்டாவும் கண்ட சல்வர்சான் 1910இல் விற்பனைக்கு வந்தது. ஆசனிக்குச் சேர்ந்த அம்மருந்து மேகப்புண்ணுக்கே உரியதாயிற்று. வெட்டைக்கு 1930களின் பிற்பகுதியில் சல்பா மருந்துகள் கிடைத்தன; பத்தாண்டு கழியுமுன்னரே அவற்றுக்கு மசியாத கிருமிகள் பரவின.

இவ்வாறு பிரிந்த இரண்டையும் பெனிசிலின் மீண்டும் ஒன்றுசேர்த்தது. 1943இல் நியூயோர்க்கின் ஸ்ரற்றன் தீவில் மஹோனி நால்வரது மேகப்புண்ணுக்கு அதனைக் கொடுத்து வெற்றி கண்டார். வெட்டையும் அக்காலத்திலேயே அதற்குப் பணிந்தது. இனிக் கவலையில்லை என்ற நிம்மதியே பின்வந்த இடரின் வித்தெனின் மிகையாகாது.

தொடக்கத்தில் வெட்டைக்கு ஓரிரு இலட்சம் அலகு பெனிசிலின் போதியதாயிருந்தது. கிருமி மெல்ல மெல்லப் பழகிக்கொள்ள, 1972இல் ஐக்கிய அமெரிக்காவில் 48 இலட்சம் அலகு விதிக்கப்பட்டது. அளவைக் கூட்டுவதே அன்று கண்ட வழி. 1976இல் அதுவும் அடைபட்டது. பெனிசிலினையே சிதைக்கும் நொதியத்தைச் சுரக்கும் கிருமிகள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அறியப்பட்டன. முன்னவை தூரகிழக்குடனும் பின்னவை மேற்கு ஆபிரிக்காவுடனும் தொடர்புடையன. இவற்றின்முன் அளவைக் கூட்டிப் பயனில்லை.

பெண்களிற் பலர்க்கு வெட்டை அறிகுறி காட்டுவதில்லை. மறைந்திருந்தே கருக்குழாய்களைச் சிதைத்துப் பிள்ளைப்பேற்றைத் தடுக்கவல்லது. பிரசவத்தின்போது தொற்றினாற் குழந்தையின் பார்வையும் பறிபோகலாம். ஆதலின், பயன்படாத மருந்தைத் தெரிவுசெய்தல் வெறும் வீண்செலவன்று.

அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2007இல் சிப்புறோபுளொட்சசினை வெட்டைக்குக் கைவிட்டது. 2012இல் செபிக்சிம் முதல்நிலைத் தெரிவென்ற இடத்தை இழந்தது. செப்ரியாக்சோனுடன் சேர்த்துக் கொடுக்கப்பட்ட அசித்திரோமைசினும் 2020இல் நீக்கப்பட்டு, 500 மில்லிகிராம் செப்ரியாக்சோன் ஊசி மட்டும் விதிக்கப்பட்டது.

மேகப்புண்ணின் கதையோ வேறு. அதன் கிருமி அசித்திரோமைசினை எதிர்க்கக் கற்றது. பெனிசிலினை எதிர்க்கக் கற்கவில்லை. ஆரம்பநிலை மேகப்புண்ணுக்கு இன்றும் 24 இலட்சம் அலகு பென்சதின் பெனிசிலின் ஒரே தடவையில் ஏற்றப்படுகின்றது.