சர்க்கரைக் கரைசலில் விதை முளைத்தல்

சர்க்கரைக் கரைசலில் இட்ட விதை, தண்ணீரில் இட்டதைவிடத் தாமதமாக முளைக்கும். செறிவு மிகுந்தால் முளைக்கவே முளைக்காது. கரைந்துள்ள சர்க்கரை கரைசலின் நீரியல் திறனை, அதாவது நீர் அதைவிட்டு வெளியேறும் போக்கை, குறைப்பதால், சவ்வூடுபரவல் மூலம் விதையின் செல்களுக்குள் நீர் புகுவது மட்டுப்படுகிறது. சர்க்கரை உணவாயிற்றே, முளையை ஊக்குவிக்காதா என்று தோன்றலாம். முளைக்கத் தேவையான உணவு விதையிலைகளிலோ முளைசூழ்தசையிலோ ஏற்கெனவே இருக்கிறது; வெளியிலிருந்து வரவேண்டியது நீர்.

தூய நீரின் நீரியல் திறன் சுழியம். லிட்டருக்கு 100 கிராம் சுக்ரோஸ் கரைந்தால், 25 டிகிரி செல்சியஸில் அது ஏறத்தாழ −0.7 மெகாபாஸ்கல், 200 கிராமுக்கு ஏறத்தாழ −1.5. பிந்தையது, பயிர்கள் மீள முடியாமல் வாடிப்போகும் மண்ணின் வறட்சிக்கு ஈடு. கரைசல்களின் சவ்வூடுபரவல் அழுத்தங்களை முதலில் செம்மையாக அளந்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஃபெஃபர். நுண்துளைக் கலத்தின் சுவரில் காப்பர் ஃபெர்ரோசயனைடு சவ்வை உண்டாக்கிச் செய்த அந்த ஆய்வு 1877இல் நூலாக வந்தது. அதன் அளவீடுகளைக் கொண்டே வேதியியலாளர் வான்ட் ஹாஃப் தம் கரைசல் விதியை வகுத்தார். 1901இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசையும் பெற்றார். விதிப்படி கணக்கில் வருவது கரைந்த துகள்களின் எண்ணிக்கை. எனவே ஒரே எடையில் குளுக்கோஸ், சுக்ரோஸைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு வலுவாக நீரைப் பிடித்துவைக்கும். 5 சதவீதச் சர்க்கரையையும் 5 சதவீத உப்பையும் அருகருகே வைத்து ஒப்பிடும் பள்ளிச் சோதனைகள் இங்கேதான் தடுமாறுகின்றன: எடை சமம், துகள் எண்ணிக்கை சமமல்ல.

உலர் விதையின் நீரியல் திறன் −100 மெகாபாஸ்கல் அளவுக்கோ அதற்கும் கீழோ இருக்கும். ஆகவே கெட்டியான கரைசலிலும் பச்சைப்பயறு நீரை உள்ளீர்த்து ஓரளவு பருக்கும். செத்த விதைகூட இப்படிப் பருக்கும் என்பதால், பருமனை மட்டும் பார்த்து முளைப்பைக் கணிக்கக் கூடாது. தடை அடுத்த கட்டத்தில் வருகிறது. முளைவேர் நீண்டு விதையுறையைக் கிழிக்க, அதன் செல்களில் விறைப்பழுத்தம் வேண்டும். வெளிக்கரைசல் நீரை விட்டுக்கொடுக்காதபோது சுவாசமும் நொதிகளின் வேலையும் மெல்ல நடக்க, வேர் மட்டும் வெளிவராது.

இந்த இடைநிலை வேளாண்மைக்குப் பயன்பட்டது. விதையை அதே நிலையில் சில நாள் நிறுத்தி, கழுவி உலர்த்தி விதைத்தால், முளைப்பு விரைவாகவும் ஒரே சீராகவும் இருக்கும். இங்கிலாந்தில் ஹைடெக்கர் குழுவினர் 1973இல் இதை வெளியிட்டபோது கையாண்டது பாலிஎத்திலீன் கிளைக்கால். அதன் பெரிய மூலக்கூறு செல்களுக்குள் நுழைவதில்லை. சர்க்கரையோ உள்ளே கசியும், பூஞ்சையை வளர்க்கும், நுண்ணுயிரிகளின் இன்வர்டேஸ் நொதி சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிளக்க, சோதனையின் நடுவிலேயே துகள் எண்ணிக்கை ஏறிவிடும்.

எல்லா விளைவையும் சவ்வூடுபரவலின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. அரபிடாப்சிஸ் செடியில் குளுக்கோஸ், அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனின் வழியே தனியொரு சமிக்ஞையாகவும் இயங்கி நாற்றின் வளர்ச்சியை நிறுத்துகிறது. சவ்வூடுபரவல் விளைவை மட்டும் ஒப்பிடப் பயன்படும் மானிட்டாலுக்கு அதே செறிவில் அவ்வளவு வலு இல்லை. ஆகவே சர்க்கரைச் சோதனை எதிலும் மானிட்டால் தட்டு ஒன்று உடனிருப்பது நல்லது. விதைகளை மூழ்கடிக்காமல் நனைந்த வடிதாளில் பரப்ப வேண்டும். மூழ்கினால் ஆக்சிஜன் குறைவும் சேர்ந்து முளைப்பைத் தடுக்கும். தட்டை மூடாவிட்டால் நீர் ஆவியாகி, 10 சதவீதக் கரைசல் நாளுக்கு நாள் கெட்டியாகிக்கொண்டே போகும்.