ஆயி வெட்டிய குளம்

புதுவை பாரதி பூங்காவின் நடுவே வெண்மையொளி வீசி நிற்கிறது ஒரு மண்டபம். கருவறை இல்லை, கற்பூர ஆரத்தி இல்லை, காணிக்கை கேட்போரும் இல்லை. கோயிலன்று அது, நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவுச் சின்னம். ஆயி மண்டபம் என்பது பெயர். புதுவை அரசின் இலச்சினையிலே பொறிக்கப்பட்டிருப்பதும் அதுவே.

யார் இந்த ஆயி? அரசியா? அல்லள். அருள்வாக்குச் சொன்னவளா? அல்லவே அல்லள். தாசி என்று ஊரார் இழித்துரைத்த ஒரு பெண்!

செவிவழிச் செய்தி கூறுகிறது: விசயநகரத்தை 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருட்டிணதேவராயன் இவ்வழியே வந்தான். விளக்கொளி வீசிய மாளிகையொன்றைக் கண்டான்; கோயிலென்று எண்ணிக் கும்பிட்டான். தாசியின் வீடென்று அறிந்ததும் சீறினான், "இடித்திடுக!" என்றான். ஆயி தன் வீட்டைத் தானே இடித்தாள். அவ்விடத்திலே ஊருக்குக் குளம் வெட்டினாள்.

கதையை அப்படியே வரலாறென்று கொள்வது பகுத்தறிவாளர் வழக்கமன்று. எனினும் அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த சமுதாயத்தின் உள்ளம் அதிலே தெரிகிறதன்றோ! அதே சுவர், அதே விளக்கு. கோயிலென்றபோது குனிந்த தலை, பெண்ணின் வீடென்றதும் கொதித்தெழுவானேன்? தாசி முறையைச் சமைத்தது ஆயியா? கடவுளின் பெயரால் பெண்களுக்குப் பொட்டுக்கட்டிய கூட்டமன்றோ! அக்கொடுமையை எதிர்த்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரும் போராடினர். சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1947இல்தான்.

கதை கிடக்கட்டும்; மண்டபம் கண்முன் நிற்கும் சான்று. 1852 முதல் 1870 வரை பிரான்சின் பேரரசனாக இருந்த மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்து நீர் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாக எழுந்தது அது. வெள்ளையர் நகரென்றும் கறுப்பர் நகரென்றும் மக்களை வாய்க்காலால் பிரித்த ஆட்சிக்கும், ஆயியின் பெயரை மறைக்க மனம் வரவில்லை.

தண்ணீருக்குச் சாதி தெரியாது, தடுப்பவனுக்குத்தான் தெரியும். 1927இல் மகாத் நகரின் பொதுக்குளத்தில் ஒரு கை நீர் பருக, அண்ணல் அம்பேத்கர் போராட்டமே நடத்த நேர்ந்தது. பழங்கதை என்பீரோ? 2022 திசம்பரில், புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் பருகும் நீர்த்தொட்டியில் மலம் கலந்தது வெளிப்பட்டதே!

இழிந்தவள் என்று சொல்லப்பட்டவள் ஊருக்கு நீர் தந்தாள். உயர்ந்தோர் என்று சொல்லிக்கொள்வோர் தந்தது என்ன?

விசயநகரம் 1565இல் வீழ்ந்தது. அதன் மாளிகைகள் அம்பியிலே இடிபாடுகளாய்க் கிடக்கின்றன. ஆயியின் மண்டபமோ அரசின் இலச்சினையாய் நிற்கிறது. இளைஞர்களே, புதுவை வந்தால் அதன் முன் சற்று நில்லுங்கள். கும்பிட வேண்டா, உங்கள் ஊர்க் குழாயடியில் எவர் குடம் கடைசியில் நிற்கிறதென்று எண்ணிப் பாருங்கள்!